தோட்டாவுக்கு நாள் குறித்த தடைக்காலம் இல்லை: குமரியில் துப்பாக்கி சுடுதல் பழகுகிறவர்களின் சிக்கல், அடிப்படையிலிருந்து

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா பெற்றது ஆறு பதக்கம். அதில் மூன்று துப்பாக்கி சுடுதலில் வந்தவை. மனு பாக்கர் தனியாக ஒன்றும், சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து ஒன்றும் பெற்றார். ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் ஒன்று பெற்றார். அதைப் பார்த்துவிட்டு மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ ஒரு வீட்டில், பிள்ளையை இதில் சேர்க்கலாமா என்று யோசித்தால் உடனே இரண்டு பேச்சு காதில் விழும். ஒன்று, “தோட்டாவே கிடைக்காது.” இன்னொன்று, “கலெக்டர் ஆபீஸ் லைசென்ஸ் இல்லாமல் தொட்டால் ஜெயில்.” இரண்டும் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் குழப்பம்.

குழப்பத்துக்குக் காரணம், மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே சொல்லால் பேசுவது. காற்றுத் துப்பாக்கியின் ஈயக்குண்டு, ரைஃபிளின் தோட்டா, காட்டில் சுடும் நாட்டுத் துப்பாக்கியின் ரவை எல்லாமே நம் பேச்சில் ‘குண்டு’தான். தட்டுப்பாடும் சட்டமும் இந்த மூன்றையும் ஒரே மாதிரி தொடுவதில்லை.

முதலில், எது தோட்டா?

தோட்டா என்பது நான்கு பொருள் சேர்ந்த ஒரு பொதி. வெளியே பித்தளைக் கூடு. அதற்குள் எரிமருந்து. முன்னால் ஈயத்தலை. நான்காவது, அடி விழுந்தவுடன் பற்றிக்கொள்ளும் பிரைமர். தீக்குச்சி உரசினால் பற்றும், பிரைமர் அடித்தால் பற்றும். அதன் சின்னப் பொறி எரிமருந்தைக் கொளுத்த, வாயு விரிந்து ஈயத்தலையைத் தள்ளுகிறது.

காற்றுத் துப்பாக்கிக் குண்டில் இந்த நான்கில் ஒன்றுதான் உண்டு: ஈயம். கடைக்காரர்கள் பெல்லட் என்பது இதைத்தான். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கிண்ணம் போல இருக்கும். தள்ளுவது வெடிமருந்து இல்லை, அடைத்துவைத்த காற்று. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கட்டுரை எளிது.

போட்டிகளில் வருபவை மூன்று வகை:

1. 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல். 4.5 மில்லிமீட்டர் பெல்லட். மனு பாக்கரின் இரண்டு பதக்கமும் இந்த வகையில்தான். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வாங்கிய தங்கமும் அப்படியே.

2. 50 மீட்டர் ரைஃபிள், 25 மீட்டர் பிஸ்டல். .22 தோட்டா, அதாவது 5.6 மில்லிமீட்டர். குசாலே சுட்டது இது.

3. ட்ராப், ஸ்கீட். பறக்கும் களிமண் தட்டைச் சுடுவது. 12 போர் (போர் என்பது குழல் அளவு) துப்பாக்கி, 24 கிராம் ஈய ரவை அடைத்த தோட்டா. தமிழ்நாட்டில் இதற்குப் பழைய பேர் புதுக்கோட்டைக்குத்தான். பாரிஸுக்குப் போன பிருத்விராஜ் தொண்டைமான் அந்த ஊர்க் குடும்பத்தவர்.

வீரியத்தில் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. போட்டிக்குரிய ஏர் ரைஃபிள் பெல்லட்டின் எடை அரை கிராமுக்குச் சற்றுக் கூட. விநாடிக்கு 175 மீட்டர் போனால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 8 ஜூல். .22 தோட்டாவின் 2.6 கிராம் ஈயம் விநாடிக்கு 325 மீட்டர் போகும்போது 137 ஜூல். சட்டம் எங்கே கோடு கிழித்திருக்கிறது என்று பார்க்கும்போது இந்த எண்கள் திரும்ப வரும்.

ஒருவருக்கு எவ்வளவு வேண்டும்?

வெளியிலிருந்து பார்ப்பவர் குறைத்து மதிப்பிடும் இடம் இது. போட்டியில் சுடுவது 60. ஆனால் அந்த 60க்குப் பின்னால் பயிற்சி இருக்கிறது. ஒரு நாளைக்கு 100 தோட்டா, வாரத்தில் நான்கு நாள் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 400, வருடத்துக்கு 50 வாரம் என்றால் 20,000. ஒரு பெட்டிக்கு 50 வீதம் 400 பெட்டி. ஏர் ரைஃபிளில் அதே 20,000 என்பது 500 பெல்லட் கொண்ட 40 டப்பா, அலமாரியில் ஒரு தட்டுக்குள் அடங்கிவிடும்.

ஆக, தன் வீட்டுப் பாதுகாப்புக்கு ரிவால்வர் வைத்திருப்பவரும் .22 விளையாட்டு வீரரும் ஒரே சட்டத்தின் கீழ் வருகிறார்கள். முன்னவர் வாங்கும் 25 தோட்டா பத்து வருடம் பீரோவில் கிடக்கும். பின்னவருக்கு அது கால் நாள் பயிற்சிக்குத்தான் காணும். சட்டத்தின் அடிப்படை வடிவம் முன்னவரை மனதில் வைத்து வரையப்பட்டது. விளையாட்டுக்காரருக்கு இடம் தந்ததெல்லாம் விலக்கு, விலக்கின் மேல் விலக்கு என்று பின்னால் ஒட்டுப் போட்டவை.

எண்ணிக்கை மட்டும் போதாது, தரமும் சேர்ந்தே வருகிறது. 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். ஏர் ரைஃபிளில் அது அரை மில்லிமீட்டர் புள்ளி. ஒரே கம்பெனியின் ஒரே வகைத் தோட்டாவே தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி, அதாவது ‘லாட்’டுக்கு லாட், சற்று மாறிப் போகும். அதனால் நல்ல நிலையில் இருப்பவர்கள் தம் துப்பாக்கிக் குழலுக்கு எந்த லாட் ஒத்துவருகிறது என்று சுட்டுப் பார்த்து, அந்த லாட்டையே மொத்தமாக வாங்கிவைப்பார்கள். ஈலி, ஆர்.டபிள்யூ.எஸ். என்பவை தோட்டாக் கம்பெனிகள். “ஈலி இல்லை, ஆர்.டபிள்யூ.எஸ். இருக்கிறது, எடுத்துக்கோங்க” என்று கடைக்காரர் சொல்வது வீட்டுக்காரருக்கு மாற்றுப் பொருள், சுடுகிறவருக்கு அது முதலிலிருந்து தொடங்கும் வேலை.

உலகச் சந்தையில் நடந்தது என்ன?

ரப்பர் விலை குலசேகரத்தில் தீர்மானமாவதில்லை என்பது குமரிக்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தோட்டாவும் அப்படித்தான். போட்டித் தரமான .22 தோட்டா பெரும்பாலும் வரும் இடங்கள் மிகக் குறைவு. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஈலி, ஜெர்மனியில் ஆர்.டபிள்யூ.எஸ்., ஜெர்மனியிலேயே லாபுவா குழுமத்தின் எஸ்.கே. ஆலை. விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தச் சிறிய குழாயில் அடைப்பு விழுந்தது ஒருமுறையல்ல.

1. 2012 டிசம்பரில் அமெரிக்காவில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலை நடந்தது. துப்பாக்கிச் சட்டம் இறுகும் என்ற பயத்தில் மக்கள் வாங்கிக் குவித்தார்கள். அந்நாட்டில் .22 தோட்டா கடைகளில் காணாமல் போய், அடுத்த ஓரிரு வருடம் அந்தப் பஞ்சம் நீடித்தது. சட்டம் வரும் என்ற பயமே தட்டுப்பாட்டை உண்டாக்கும் என்பதற்கு இது சரியான உதாரணம்.

2. 2020இல் கொரோனா. அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குவோர் பற்றிய பின்னணிச் சோதனைகள் அந்த ஒரு வருடத்தில் மட்டும் 3.97 கோடி. அதே வருடம் ஜூலையில் பழம்பெரும் துப்பாக்கி, தோட்டாக் கம்பெனியான ரெமிங்டன் திவால் மனு போட்டது. வாங்க ஆள் கூடிய நேரத்தில் செய்ய ஆள் குறைந்தது.

3. 2022இலிருந்து உக்ரைன் போர். பீரங்கிக் குண்டுக்கும் விளையாட்டுத் தோட்டாவுக்கும் எரிமருந்தின் மூலப்பொருள் ஒன்றுதான், நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சைப் பிரித்தெடுத்த பிறகும் பருத்தி விதையில் ஒட்டிநிற்கும் குறுநாரிலிருந்து அது தயாராகிறது. அந்தக் குறுநாருக்கு ஐரோப்பா பெருமளவு சீனாவை நம்பியிருக்கிறது. போர்க்காலத்தில் மருந்து முதலில் யாருக்குப் போகும் என்று கேட்கவே வேண்டாம்.

4. 2024 செப்டம்பரில் சீனா ஆன்டிமனி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஈயம் மென்மையான உலோகம். ரவை நசுங்காமல் போக, அதைக் கெட்டிப்படுத்தச் சேர்ப்பது ஆன்டிமனி.

இதற்கு நடுவில் கம்பெனிகளும் கைமாறின. ஆர்.டபிள்யூ.எஸ். பெயரில் விற்கும் அம்மோடெக் 2022இல் இத்தாலியின் பெரெட்டா கைக்குப் போனது. இத்தாலியின் ஃபியோக்கி என்ற தோட்டாக் கம்பெனியில் பெரும்பங்கை அதே வருடம் செக் நாட்டுக் குழுமம் ஒன்று வாங்கியது. அந்தக் குழுமத்தின் முதன்மைத் தொழில் படைத்தளவாடம். இதனால் மட்டும் விளையாட்டுத் தோட்டா குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாருடைய ஆர்டர் வரிசையில் முன்னால் நிற்கும் என்பதை இது காட்டுகிறது.

கவனித்தால், பெல்லட்டுக்கு இந்த நான்கில் பெரும்பகுதி பொருந்தாது. பிரைமரும் இல்லை, எரிமருந்தும் இல்லை. கப்பல் தாமதம், விலையேற்றம் இரண்டும்தான் அதைத் தொடும். “தோட்டாத் தட்டுப்பாடு” என்று செய்தி படித்துவிட்டு, ஏர் ரைஃபிளில் சேரவிருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தடுப்பது தேவையில்லாத பயம்.

நம் நாட்டிலேயே செய்தால் என்ன?

நியாயமான கேள்வி. செய்கிறோம். புனேயை அடுத்த கட்கியில் உள்ள தோட்டாத் தொழிற்சாலை .22உம் 12 போரும் தயாரிக்கிறது. கூட்டின் அடியில் ‘கே.எஃப்.’ என்று பொறித்திருக்கும். பழைய பெயரான கிர்க்கியின் முதலெழுத்து அது. 2021 அக்டோபர் 1இல் பாதுகாப்புத் தளவாட வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தபோது இது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. அதே நிறுவனத்தில்தான் நீலகிரியின் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையும் இருக்கிறது. நூறாண்டு தாண்டிய ஆலை. எரிமருந்து செய்யும் கைத்திறன் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல என்பதற்குச் சொல்கிறேன். அதைவிடப் பழைய கதை வேண்டுமென்றால் புலியூர்க்குறிச்சிக்குப் போகலாம். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், மார்த்தாண்டவர்மாவின் படைத்தலைவராகி, உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்ப்பதை மேற்பார்த்தார். அவர் கல்லறை இன்றும் அங்கேதான்.

ஆனால் பயிற்சிக்கு உள்நாட்டுத் தோட்டா, போட்டிக்கு இறக்குமதி என்பதுதான் இந்திய ரேஞ்சுகளின், அதாவது சுடுதளங்களின், பழைய வழக்கம். 10.4 மில்லிமீட்டர் வளையத்துக்குள் அறுபதையும் போடவேண்டியவர் சீரான வேகத்தைத் தேடுகிறார். .22இல் பிரைமர் தனி மூடியாக இல்லாமல் கூட்டின் விளிம்புக்குள்ளேயே சுழற்றிப் பரப்பப்பட்டிருக்கும். அந்தப் பரவல் சீராக இருப்பது தனி நுட்பம். படைகளுக்கு 5.56, 7.62 தோட்டா அடிக்கும் இயந்திரத்தை இதற்குத் திருப்பிவிட முடியாது. 2024 பிப்ரவரியில் கான்பூரில் தனியார் தோட்டா ஆலை திறந்தபோது “இனி தட்டுப்பாடு தீரும்” என்றார்கள் சிலர். அதன் குறி படைகளின் தேவை. விளையாட்டுக்காரர் அங்கே எதிர்பார்க்க ஒன்றுமில்லை. விளிம்பிலேயே மருந்து இருப்பதால், சுட்ட .22 கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்தவும் வழியில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அடிப்படை மூன்று: 1959 ஆயுதச் சட்டம், 2016 ஆயுத விதிகள், 2019 திருத்தம். இவற்றில் விளையாட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவு.

1. ஏர் கன்: ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாமலும், குழலின் அளவு .177, அதாவது 4.5 மில்லிமீட்டரைத் தாண்டாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. இரண்டில் எது தாண்டினாலும் தேவை. போட்டிக்குரிய ஏர் ரைஃபிள் 8 ஜூல் அளவில்தான் இருக்கிறது என்று மேலே பார்த்தோம். கோட்டுக்கு வெகு கீழே. இணையத்தில் ‘பவர்ஃபுல்’ என்று விளம்பரம் செய்து விற்கும் .22 ஏர் கன்தான் ஆபத்து. வாங்குகிறவருக்கே தெரியாமல் உரிமமில்லா ஆயுதம் வைத்திருப்பவராகிவிடுவார்.

2. .22உம் 12 போரும் உரிமம் இல்லாமல் முடியாது. மாவட்டத்தில் உரிமம் தருபவர் ஆட்சியர். காவல்துறை அறிக்கை வந்த பிறகே அவர் முடிவெடுப்பார். ஒவ்வொரு உரிமத்துக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் உண்டு. எத்தனை தோட்டா ஒரே நேரத்தில் கையில் இருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்பதும் உரிமத்தில் எழுதப்படும்.

3. வயது: பொதுவாக 21. ஆனால் இலக்குச் சுடுதலில் 12 வயது நிறைந்தவர்களுக்கு ‘ஜூனியர்’ என்று தனி வகை உண்டு.

4. தகுதிப் படிகள்: தேசியச் சாம்பியன்ஷிப்பின் பொதுப் பிரிவில் கலந்துகொண்டு, தேசிய ரைஃபிள் சங்கம் வகுத்த குறைந்தபட்சப் புள்ளியை எடுத்தவர் ‘பெயர்பெற்ற சுடுநர்’. அதற்குக் கீழே ‘முயலும் சுடுநர்’. படியைப் பொறுத்து எத்தனை துப்பாக்கி, எத்தனை தோட்டா என்பது மாறும்.

2019 திருத்தம்தான் பெரிய பீதியைக் கிளப்பியது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. முதல் வரைவில் ஒன்றாகவே குறைக்கப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்து இரண்டானது. மூன்றாவதை ஒப்படைக்க ஒரு வருடம் தந்தார்கள். விளையாட்டு முடிந்தது என்று அப்போது பேசியவர்கள் இரண்டு மாதம் கழித்து வந்ததைப் படிக்கவில்லை. 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம், பெயர்பெற்ற சுடுநர் விலக்குப் பிரிவில், அதாவது அந்த இரண்டு என்ற வரம்புக்கு வெளியே, வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை ஒரு போட்டிப் பிரிவில் பெயர்பெற்றவருக்கு 8, இரண்டு பிரிவு என்றால் 10, அதற்கு மேல் 12 என உயர்த்தியது. முன்பு உச்சவரம்பு 7. ஜூனியருக்கு ஒன்று இரண்டானது. பயிற்சிக்கு வாங்கக்கூடிய தோட்டாவின் அளவும் கூடியது. உரிமத்தின் காலமோ 2019 திருத்தத்திலேயே மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீண்டிருந்தது.

ஆக, காகிதத்தில் பார்த்தால் விளையாட்டுக்காரருக்குச் சட்டம் இறுகவில்லை, தளர்ந்திருக்கிறது. இறுகியது தண்டனை. உரிமமில்லாமல் தோட்டா வைத்திருந்தால் இப்போது குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து. இது கொள்ளைக்காரனைப் பற்றியது என்று நினைக்கவேண்டாம். ரேஞ்சிலிருந்து வந்த பையின் ஓரத்தில் ஒரு தோட்டா தங்கிப்போய், அதே பையை அடுத்த மாதம் தங்கை விமான நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஸ்கேனரில் தெரியும். தெரியாமல் வைத்திருப்பது ‘உடைமை’ ஆகாது, அறிந்தே வைத்திருக்கவேண்டும் என்பது 1972இல் உச்ச நீதிமன்றம் குன்வந்த்லால் வழக்கில் வகுத்த கோட்பாடு. அது கடைசியில் காப்பாற்றலாம். அதுவரை அலைவது தங்கைதான்.

குமரிக்கு மட்டும் உரிய மூன்று முடிச்சு

தூரம் முதல் முடிச்சு. 10 மீட்டர் தளத்தை ஒரு மாடி ஹாலில்கூட அமைத்துவிடலாம். 50 மீட்டருக்கும் ட்ராப்புக்கும் திறந்தவெளியும் தடுப்பு மண்மேடும் வேண்டும். நாகர்கோவிலிலிருந்து சென்னை சுமார் 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் 2015 தேசிய விளையாட்டுக்காகக் கட்டிய சுடுதளம் அதில் பத்தில் ஒரு பங்கு தூரம்தான். குமரிக்காரர் ஆஸ்பத்திரிக்கும் விமானத்துக்கும் திருவனந்தபுரம் போகிறவர்கள். இதற்கும் போக நினைப்பது இயல்பு.

அங்கேதான் இரண்டாவது முடிச்சு. 1956 நவம்பர் 1இல் நான்கு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்ததிலிருந்து களியக்காவிளை மாநில எல்லை. பஸ்ஸில் போகிறவருக்கு அது ஒரு நிறுத்தம். துப்பாக்கிப் பையோடு போகிறவருக்கு அது சட்டத்தின் கோடு. ஆயுத உரிமத்துக்குச் செல்லுபடியாகும் பரப்பு என்று ஒன்று உண்டு. தமிழ்நாடு என்று மட்டும் எழுதியிருந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் அந்த உரிமம் வெறும் புத்தகம். மதுரையிலோ சேலத்திலோ இருப்பவர் வருடக்கணக்கில் இதைப் பற்றி யோசிக்காமல் காலம் தள்ளலாம். குமரிக்காரரால் முடியாது. விமானம் ஏற வேண்டுமென்றாலும் திருவனந்தபுரம்தானே கைக்கெட்டும் தூரம்.

விமானம் என்று வந்தால் இன்னொரு கணக்கு. சர்வதேச விமானப் போக்குவரத்து விதிப்படி ஒரு பயணி சரக்குப் பையில் கொண்டுபோகக்கூடிய தோட்டா 5 கிலோ. .22 என்றால் ஏறத்தாழ 1,400 வரும், தாராளம். 12 போர் என்றால் 130 பக்கம்தான். ட்ராப் தகுதிச் சுற்று மட்டுமே 125 தட்டு. பயிற்சிச் சுற்றுக்கு அங்கே போய் வாங்கவேண்டியதுதான், கிடைத்தால். உள்நாட்டு விமான நிறுவனங்கள் சாதாரண உரிமதாரருக்கு இதைவிடக் குறைந்த எண்ணிக்கை வைத்திருப்பதும் உண்டு. டிக்கெட் எடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

மூன்றாவது முடிச்சு, தேர்தல். நடத்தை விதி அமலுக்கு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 மக்களவைத் தேர்தலின்போது விதி மார்ச் 16இலிருந்து ஜூன் 6 வரை இருந்தது. கிட்டத்தட்ட 12 வாரம். குமரியில் 2021இல் சட்டமன்றத்தோடு மக்களவை இடைத்தேர்தலும், 2024இல் மக்களவையோடு விளவங்கோடு இடைத்தேர்தலும் நடந்தன. போட்டியில் பங்கேற்கும் ரைஃபிள் சங்க உறுப்பினர்களுக்கு விலக்குத் தருவது வழக்கம். ஆனால் விலக்கு தானாக வருவதில்லை. மனு கொடுத்து, சங்கத்தின் கடிதம் இணைத்து, பரிசீலனைக் குழு முடிவு வரும்வரை காத்திருக்கவேண்டும். நடுவில் ஒரு மாநிலப் போட்டி வந்தால் வாய்ப்புப் போனது போனதுதான்.

கட்டுப்பாடு வேறு, நிச்சயமின்மை வேறு

சுடுகிறவர்கள் ‘சட்டம் கடுமை’ என்று பொதுவாகப் புலம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. கடுமையான தடையோடு வாழ இந்த மாவட்டத்துக்குத் தெரியும். சின்னமுட்டத்தில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு கடல், இரண்டு தடை. 61 நாள் படகு ஓடாது என்பது சிறிய விஷயமா? ஆனால் தேதி முன்கூட்டியே தெரியும். படகைக் கரையேற்றி, எஞ்சினைப் பிரித்து, வலையைப் பார்ப்பது என்று அந்த நாளுக்கு ஒரு வேலைத்திட்டம் இருக்கிறது.

தோட்டாவுக்கு அப்படித் தேதி இல்லை. உரிமத்தில் ஒரு துப்பாக்கி சேர்க்க மனுப்போட்டால் எத்தனை மாதம் என்று யாரும் சொல்வதில்லை. இறக்குமதிச் சரக்குக்கு இங்கே வெளிநாட்டு வர்த்தகத் துறையின் அனுமதி வேண்டும், அங்கே ஏற்றுமதி நாட்டின் அனுமதியும் வேண்டும். இரண்டும் கிடைத்து, கப்பல் வந்து, சுங்கம் கடக்கும்போது பருவமே முடிந்திருக்கும். எப்போது வரும் என்று தெரியாததால், கிடைக்கும்போது தேவைக்கு மேல் வாங்கிவைக்கிறார்கள். அப்படி வாங்குவதால் அடுத்தவருக்குக் கிடைப்பதில்லை. 2013இல் அமெரிக்காவில் நடந்ததும் இதே சுழற்சிதான், அளவு மட்டும் வேறு. அனுமதி அளவை இரட்டிப்பாக்குவதைவிட, மனுவுக்குக் கெடு நாள் வைத்து அதைக் காப்பாற்றினால் பாதித் தட்டுப்பாடு காணாமல் போகும் என்பது என் கணிப்பு.

பன்றி வேறு கதை

தடிக்காரன்கோணம், பேச்சிப்பாறை பக்கம் துப்பாக்கி என்றால் பேச்சு நேராகக் காட்டுப்பன்றிக்குப் போய்விடும். கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவர்களின் உத்தரவில் உரிமம் பெற்றவர்கள் பன்றியைச் சுடுகிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் அப்படி இல்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்றுக்கு அப்பால் சுடலாம். அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான். .22 விளையாட்டு உரிமம் வைத்திருப்பவர் பக்கத்து வாழைத்தோட்டத்துக்கு உதவி செய்கிறேன் என்று இறங்கினால் ஆயுதச் சட்டமும் வனவுயிர்ச் சட்டமும் சேர்ந்து வரும். உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஏர் கன்னுக்கும் இது பொருந்தும். உரிமம் வேண்டாம் என்பதால் கொக்கைச் சுடலாம் என்று அர்த்தமில்லை. சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே ஒரு விடலைப்பையன் ஏர் கன்னோடு பிடிபட்டால், செய்தியில் வரும் தலைப்பின் சூடு ஒழுங்காகப் பயிற்சி செய்யும் பத்துப் பிள்ளைகள் மேல்தான் விழும்.

ஈயம் என்ற பொருளே நாளைக்குப் பிரச்சினையாகலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி 15 முதல் ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈய ரவைக்குத் தடை போட்டது. நீர்ப்பறவைகள் கூழாங்கல் என்று எண்ணி ரவையை விழுங்கிச் சாகின்றன என்பது காரணம். நாம் வாங்கும் தோட்டா அங்கிருந்து வருவதால், அங்கே விதி மாறினால் இங்கே பெட்டிக்குள் இருப்பதும் மாறும்.

சேர நினைக்கிற வீட்டுக்கு

1. ஏர் ரைஃபிளிலோ ஏர் பிஸ்டலிலோ தொடங்குங்கள். உரிமமும் வேண்டாம், உலகத் தோட்டாச் சந்தையும் பெரிதாகத் தொடாது. வாங்கிய ரசீதும் ஜூல் அளவு எழுதிய தாளும் துப்பாக்கிப் பையிலேயே இருக்கட்டும்.

2. .22க்குப் போகும் எண்ணம் இருந்தால், மாநிலப் போட்டி, ஜி.வி. மாவ்லங்கர் என்ற அகில இந்தியப் போட்டி, தேசியப் போட்டி என்று ஏறும் ஒவ்வொரு புள்ளிச் சான்றிதழையும் பத்திரப்படுத்துங்கள். உரிமத்தில் தோட்டா எண்ணிக்கையைத் தீர்மானிப்பது அந்தத் தாள்கள்தான்.

3. தோட்டாக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வாங்கியது, சுட்டது, மிச்சம். ரேஞ்சிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பையைக் கவிழ்த்து உதறுவது அன்றாட வேலையாகட்டும்.

4. உரிமம் கைக்கு வந்த அன்றே பரப்பு என்ற பத்தியைப் படியுங்கள். ‘தமிழ்நாடு’ என்று மட்டும் இருந்தால், களியக்காவிளை பஸ் ஏறும் முன்பு அதை மாற்றும் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.